சிவப்பு போடுவதற்கு முன்னால் ஒரு கடிதம் போடுங்கள்

ஆளெடுக்கும் பொறுப்பில் இருக்கும் மனிதவள அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்களில் யாருக்கும் என் பெயர் தெரிந்திருக்காது. என் அறிக்கைகளைப் பார்த்திருக்கலாம். 11 ஆண்டுகள் பின்னணிச் சரிபார்ப்பு வேலையில் இருந்தேன். நீங்கள் தேர்ந்தெடுத்த ஆளின் படிப்பு, பழைய வேலை, முகவரி, வழக்கு விவரம் எல்லாவற்றையும் துருவிப் பார்த்து, கடைசியில் ஒரு நிறம் போட்டு அனுப்புவது எங்கள் தொழில். பச்சை என்றால் எல்லாம் சரி. ஆம்பர், அதாவது செம்மஞ்சள், என்றால் ஏதோ ஒன்று உறுதியாகவில்லை. சிவப்பு என்றால் டிஸ்கிரிபன்சி, அதாவது ஆள் சொன்னதற்கும் எங்களுக்குக் கிடைத்ததற்கும் முரண். அறிக்கை 20 பக்கம் இருந்தாலும் நீங்கள் பார்ப்பது அந்த நிறத்தை மட்டும்தான் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் அதை முதல் பக்கத்திலேயே போட்டோம்.

ஒரு கணக்காளருக்கு நான் சிவப்பு போட்டேன். நீதிமன்றப் பதிவில் அவர் பெயரில் ஒரு மோசடி வழக்கு இருந்தது. பெயர் பொருந்தியது, ஊரும் பொருந்தியது. பிறந்த தேதி பதிவில் இல்லை. தந்தை பெயரில் ஓர் எழுத்து மட்டும் வேறாக இருந்தது. தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்றைக்கு முடிக்க வேண்டிய கோப்புகள் மேசையில் குவிந்திருந்தன. ‘இவராக இருக்கக்கூடும், உறுதி செய்யவும்’ என்று 14-ஆம் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பிவிட்டேன்.

அந்தக் குறிப்பை யாரும் படிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் எங்கள் அலுவலகத்துக்கே வந்து நின்றார். ஆஃபர் கடிதத்தை நம்பிப் பழைய வேலையை விட்டிருந்தார். ‘தற்போதைய தேவைக்கு உங்கள் விவரங்கள் பொருந்தவில்லை’ என்று ஒரு வரி மின்னஞ்சல் மட்டும் அவருக்கு வந்திருந்தது. உள்ளே வேலை பார்த்த தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் விஷயம் கசிந்தது. வழக்கு வேறு யாருடையதோ. அடையாள அட்டையை மேசையில் வைத்தார். பத்து நிமிடத்தில் எல்லாம் தெளிவாகிவிட்டது. திருத்திய அறிக்கையை அன்றே அனுப்பினோம். அதற்குள் அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்துவிட்டார்.

தவறு என்னுடையது, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை அவருக்கு முன்கூட்டியே கொடுத்திருக்க முடியும், அதைக் கொடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். ஓர் ஆளைப் பற்றி என்ன கிடைத்தது என்பதை அவரிடமே காட்டி, பதில் கேட்டு, பிறகு முடிவெடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மற்றவை எல்லாம் அதை ஒட்டி வரும் பேச்சு.

அமெரிக்காவில் இது பல ஆண்டுகளாகப் பழகிய விஷயம். 1970-இல் வந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டம், பெயரில் கடன் இருந்தாலும், வெளி நிறுவனத்திடம் வாங்கும் பின்னணி அறிக்கைகளுக்கும் பொருந்தும். விசாரிக்கப் போகிறோம் என்று தனித் தாளில் எழுதிச் சொல்ல வேண்டும். அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். அறிக்கையை வைத்து வேலை இல்லை என்று சொல்ல நினைத்தால், முடிவுக்கு முன்பே அறிக்கையின் நகலையும் அவருடைய உரிமைகள் பற்றிய குறிப்பையும் கொடுக்க வேண்டும். பிறகு அவர் பதில் சொல்வதற்குப் போதிய அவகாசம். கடைசியில் முடிவைச் சொல்லும்போது, அறிக்கை கொடுத்த நிறுவனம் எது, அதில் தவறு இருந்தால் எப்படி முறையிடுவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘தனித் தாள்’ என்பதைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். ஒரு நிறுவனம் அந்தத் தாளிலேயே ‘இந்த விசாரணையால் எனக்கு என்ன பாதிப்பு வந்தாலும் வழக்குத் தொடுக்க மாட்டேன்’ என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தது. 2017-இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டமீறல் என்றது. அதுவும் தெரிந்தே செய்த மீறல், ஏனென்றால் சட்டத்தின் சொற்கள் அவ்வளவு தெளிவாக இருக்கின்றன என்றது. தெரிந்தே செய்தது என்று ஆகிவிட்டால் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் 100 முதல் 1,000 டாலர் வரை சட்டப்படியான இழப்பீடு. ஒரே படிவத்தில் 10,000 பேர் கையெழுத்திட்டிருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். இத்தனைக்கும் காரணம், யாரோ ஒருவர் புத்திசாலித்தனமாகச் சேர்த்த ஒரு வரி.

உங்கள் நாட்டில் இப்படி ஒரு சட்டம் இல்லாமலும் இருக்கலாம். இல்லை என்பதால் அறிக்கை சரியாகிவிடாது. ஆளைக் கேட்காமல் எழுதப்பட்ட அறிக்கையில் எத்தனை ஓட்டை இருக்கும் என்று எழுதியவனுக்குத் தெரியும். பழைய நிறுவனம் மூடப்பட்டுவிட்டால் ‘சரிபார்க்க இயலவில்லை’ என்று எழுதுவோம். அது ஆம்பர். ஆம்பரைக் கண்டதும் ‘எதற்கு வம்பு’ என்று அடுத்த ஆளைக் கூப்பிட்ட அதிகாரிகளை எனக்குத் தெரியும். நிறுவனம் மூடியது அந்த ஆளின் குற்றமா?

ஒப்புதல் பற்றியும் ஒரு வார்த்தை. ‘கையெழுத்து வாங்கிவிட்டோம், பிறகென்ன’ என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியின் பார்வை வேறு. வேலை கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் நடுவே பலம் சமமாக இல்லாதபோது, அங்கே வாங்கும் ஒப்புதலைச் சுயமாகக் கொடுத்ததாக எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது என்பது அங்குள்ள கண்காணிப்பு அமைப்புகளின் நிலைப்பாடு. அதனால் ஒவ்வொரு விவரத்துக்கும் ‘இது எதற்கு வேண்டும்’ என்று நிறுவனம் காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. குற்றப் பதிவு என்றால் இன்னும் கடுமை. சட்டம் அனுமதித்திருந்தால் மட்டுமே தொட முடியும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் இல்லாமலே தரவைப் பயன்படுத்தக்கூடிய காரணங்களில் வேலைவாய்ப்பு சார்ந்த தேவைகளையும் சேர்த்திருக்கிறது. ஆனால் அதே சட்டம், தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்றும் சொல்கிறது. வேலை கிடைக்காதவர்களின் சான்றிதழ் நகல்கள் உங்கள் பகிர்வுக் கோப்புறையில் எத்தனை ஆண்டுகளாகக் கிடக்கின்றன? போய்ப் பாருங்கள். நான் பார்த்த இடங்களில் யாரும் அழித்ததில்லை.

சரி, கேட்கக் கூடாத கேள்விகளுக்கு வருவோம். சட்டம் தெரியாமல் நடக்கும் தவறுகளைவிட, தெரிந்தும் ‘சும்மா பேச்சுவாக்கில்’ கேட்டு நடக்கும் தவறுகள்தான் இங்கே அதிகம். ‘கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது?’ என்பது நலம் விசாரிப்பது போல வரும்.

1991-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் எல்.ஐ.சி.க்கு எதிரான ஒரு வழக்கில் தீர்ப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், பயிற்சிக்குப் பின் தகுதிகாண் காலத்தில் மகப்பேறு விடுப்பு எடுத்தார். திரும்பி வந்ததும் வேலை போயிற்று. சேரும்போது நிரப்பிய படிவத்தில் உண்மையை மறைத்துவிட்டார் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தப் படிவம் என்ன கேட்டிருந்தது தெரியுமா? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, வலி உண்டா, கடைசியாக வந்த தேதி என்ன, எத்தனை முறை கருத்தரித்திருக்கிறீர்கள். நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் அமர்த்தியது, அந்தக் கட்டங்களையே படிவத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னது. பொய் சொன்னாரா என்பதைவிட அந்தக் கேள்விக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் பெரிதாகப் பட்டிருக்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1990-இல், நெதர்லாந்திலிருந்து போன ஒரு வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றமும் இதே திசையில் போனது. ஓர் இளைஞர் பயிற்சி மையத்தில் வேலை கேட்ட பெண், தான் மூன்று மாதக் கர்ப்பம் என்று அவராகவே சொல்லியிருந்தார். தேர்வுக் குழு அவரைத்தான் சிறந்தவர் என்றது. நிர்வாகம், காப்பீட்டு நிறுவனம் செலவைத் தராது என்று கணக்குப் போட்டு மறுத்துவிட்டது. விண்ணப்பித்தவர்கள் எல்லாருமே பெண்கள்தான், அப்புறம் எப்படிப் பாலினப் பாகுபாடு ஆகும் என்றும் ஒரு வாதம் எழுந்தது. எடுபடவில்லை. கர்ப்பம் பெண்ணுக்கு மட்டுமே வருவது. அதைக் காரணம் காட்டி மறுப்பது நேரடிப் பாகுபாடு, பணச் செலவு அதற்குச் சமாதானம் ஆகாது என்றது நீதிமன்றம். ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே. நேர்காணலில் கர்ப்பமா என்று கேட்டால் அந்தப் பெண் பொய் சொல்லலாம். பிறகு அந்தப் பொய்யைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. கேட்கக் கூடாததைக் கேட்டவருக்கு உண்மையான பதிலில் உரிமை இல்லை என்பது அங்கே ஊறிப்போன சட்டக் கருத்து.

உடல்நலக் கேள்விகளுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, நிபந்தனையுடன் ஆஃபர் கொடுத்த பிறகுதான் மருத்துவப் பரிசோதனை கேட்க முடியும். அதுவும் அதே வகை வேலையில் சேரும் எல்லாரிடமும் கேட்க வேண்டும், சந்தேகப்பட்ட ஒருவரிடம் மட்டும் கேட்கக் கூடாது. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டமும் ஆஃபருக்கு முன் உடல்நலம் பற்றிப் பொதுவாக விசாரிப்பதைத் தடுக்கிறது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், வேலைக்கு முன்நிபந்தனையாக அந்தப் பரிசோதனையைக் கேட்கவே கூடாது என்கிறது. இந்த வரிசையில் ஒரு நல்ல தர்க்கம் உண்டு. ஆஃபர் கொடுத்த பிறகு மறுத்தால், மறுத்த காரணம் எது என்பது வெளிச்சத்துக்கு வந்துவிடும். முன்பே கேட்டால் நூறு காரணங்களுக்குள் ஒளிந்துகொள்ளலாம்.

இதைத்தான் எல்லாச் சரிபார்ப்புக்கும் நான் சொல்வேன். திறமையைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள். பின்னணியை ஆஃபருக்குப் பிறகு பாருங்கள்.

குற்றப் பதிவு விஷயத்தில் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, அதைச் சிரித்து ஒதுக்க மாட்டேன். 1983-இல் அமெரிக்காவின் மினசோட்டா உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை நிர்வகிக்க ஒருவரை எடுத்தார்கள். எல்லா வீடுகளுக்குமான சாவி அவரிடம் இருந்தது. ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்த தண்டனை முன்பே அவருக்கு உண்டு. யாரும் சரியாக விசாரிக்கவில்லை. அந்தச் சாவியால் ஒரு வீட்டுக்குள் நுழைந்து அங்கிருந்த பெண்ணை வன்கொடுமை செய்தார். கவனமின்றி ஆளெடுத்ததற்கு நிர்வாகம் பொறுப்பு என்று தீர்ப்பானது. ஆக, விசாரிக்காமல் விட்டாலும் தலையில் விடியும்.

ஆனால் அதே தீர்ப்பு, தண்டனை பெற்றவரை வேலைக்கே எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. மறுவாழ்வுக்கு வழி விட வேண்டும் என்பதையும் எழுதியது. எந்த வேலை, அதில் எதைக் கையில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து எவ்வளவு விசாரிக்க வேண்டும் என்பது மாறும். எல்லா வீட்டுச் சாவியும் கையில் இருப்பவருக்கு ஒரு அளவு, தோட்டத்தில் செடி வெட்டுபவருக்கு வேறு அளவு.

‘குற்றப் பதிவு இருந்தால் யாராக இருந்தாலும் இல்லை’ என்று ஒரே கோடு போட்ட ஒரு ரயில் நிறுவனத்துக்கு 1975-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பாடம் கிடைத்தது. விண்ணப்பித்தவர் செய்த குற்றம், ராணுவத்தில் சேர மறுத்தது. கேட்ட வேலை, எழுத்தர் வேலை. குற்றம் எவ்வளவு கடுமையானது, எத்தனை காலம் ஆயிற்று, கேட்கும் வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்ற மூன்று கேள்விகள் அந்த வழக்கிலிருந்துதான் நிலைபெற்றன. பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறிய தண்டனைகள் குறிப்பிட்ட காலம் கழித்துக் ‘கழிந்துபோனவை’ ஆகிவிடும். பெரும்பாலான வேலைகளில் அவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. 2016-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, இளவயதில் முழக்கமிட்டது போன்ற சிறு வழக்குகளை மறைத்ததை மன்னிக்கலாம் என்றது. படிவம் தெளிவாகக் கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்று ஆளைக் குற்றம் சாட்ட முடியாது என்றும் சொன்னது. உங்கள் படிவத்தில் ‘வழக்கு ஏதும் உண்டா?’ என்று மட்டும் இருக்கிறதா? நிலுவையில் உள்ளதா, தண்டனையா, விடுதலையா, எதைக் கேட்கிறீர்கள்?

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். விண்ணப்பப் படிவத்திலிருந்து குற்றப் பதிவுக் கட்டத்தையே நீக்கும் சட்டங்கள் அமெரிக்காவில் 1998-இல் ஹவாயில் தொடங்கிப் பரவின. நல்ல எண்ணம்தான். நியூஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் ஏறக்குறைய 15,000 போலி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கட்டம் இருந்தபோது வெள்ளையருக்குக் கறுப்பினத்தவரைவிட 7 விழுக்காடு கூடுதலாக அழைப்பு வந்தது. கட்டத்தை நீக்கிய பிறகு அந்த இடைவெளி 43 விழுக்காடு ஆனது. பதிவைப் பார்க்க முடியாத நிறுவனங்கள் பெயரைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கின என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். படிவத்தை மட்டும் மாற்றினால் போதாது என்று அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் நிறங்களும் அப்படித்தான் இருந்திருக்கும்.

உள்நோக்கம் இல்லை என்று சொல்லித் தப்பிப்பதும் கடினம். 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டியூக் பவர் என்ற மின் நிறுவனத்தின் வழக்கில் இதைத் தீர்த்துவைத்தது. பள்ளி இறுதிச் சான்றிதழ், பொது நுண்ணறிவுத் தேர்வு என்று எல்லாருக்கும் ஒரே நிபந்தனை போட்டிருந்தார்கள். பார்வைக்கு நடுநிலை. ஆனால் அந்த வேலைக்கும் அந்தத் தேர்வுக்கும் தொடர்பு இருப்பதாக யாராலும் காட்ட முடியவில்லை. வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் மிகக் கூடுதலான விகிதத்தில் வடிகட்டப்பட்டார்கள். விளைவைத்தான் சட்டம் பார்க்கும் என்றது நீதிமன்றம். இன்று அந்தத் தேர்வின் இடத்தில் மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட ஒரு கருவியைப் பழக்கியது. பழைய விண்ணப்பங்களில் ஆண்களே அதிகம் என்பதால், பெண்களைக் குறிக்கும் சொல் வந்தாலே அது மதிப்பெண்ணைக் குறைத்தது. கைவிட்டுவிட்டார்கள் என்று 2018-இல் செய்தி வந்தது. நியூயார்க் நகரம் 2023 ஜூலை முதல் இத்தகைய கருவிகளுக்கு ஆண்டுதோறும் பாரபட்சத் தணிக்கை கேட்கிறது, விண்ணப்பதாரருக்கு 10 வேலை நாள் முன்னதாகச் சொல்லவும் சொல்கிறது. ஐரோப்பியச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஆளெடுக்கும் கருவிகளை உயர் ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. விற்பனையாளர் ‘எங்கள் கருவிக்குப் பாரபட்சமே கிடையாது’ என்றால் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

பழைய சம்பளச் சீட்டு கேட்பதை மாசசூசெட்ஸ், கலிபோர்னியா போன்ற இடங்களில் 2018-லேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணையும் அதையே சொல்கிறது. சமூக ஊடகக் கடவுச்சொல் கேட்பதை மேரிலாந்து 2012-இல் தடை செய்தது. அவரவர் பக்கத்தைத் திறந்து பார்ப்பதையும் நான் ஆதரிக்க மாட்டேன். மதம், கர்ப்பம், நோய், அரசியல் எல்லாம் ஒரே பார்வையில் கண்ணில் பட்டுவிடும், அப்புறம் ‘நான் பார்க்கவே இல்லை’ என்று யாரிடம் நிரூபிப்பீர்கள்?

கடைசியாக, தொலைபேசியில் காதோடு காதாகக் கேட்கும் ரெஃபரன்ஸ். பழைய மேலாளரைக் கூப்பிட்டு ‘ஆள் எப்படி, உள்ளதைச் சொல்லுங்கள்’ என்று கேட்பது. பிரிட்டனில் இது எவ்வளவு தூரம் போயிற்று என்று பாருங்கள். கட்டுமானத் துறையில் 40-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்காக ஒரு ரகசிய அட்டைப் பட்டியல் நடந்துவந்தது. தகவல் ஆணையர் அலுவலகம் 2009-இல் சோதனை போட்டபோது 3,213 பேரின் விவரங்கள் அதில் இருந்தன. தொழிற்சங்கத்தில் இருந்தார், பாதுகாப்புக் குறைபாட்டைப் பற்றிப் புகார் சொன்னார் என்பதெல்லாம் குறிப்புகள். ஒரு பெயரைச் சரிபார்க்க 2.20 பவுண்டு கட்டணம். தங்களுக்கு ஏன் ஆண்டுக்கணக்கில் வேலை கிடைக்கவில்லை என்பது அந்தத் தொழிலாளர்களுக்குத் தெரியவே தெரியாது. 2010-இல் இத்தகைய பட்டியல்களைத் தடை செய்து விதி வந்தது, 2016-இல் நிறுவனங்கள் பெரும் இழப்பீடு கொடுத்துத் தீர்த்துக்கொண்டன. அவர்களில் யாரிடமாவது ‘உங்களைப் பற்றி இப்படிச் சொல்கிறார்களே’ என்று ஒருவர் ஒரு முறை கேட்டிருந்தால் அந்தப் பட்டியல் அன்றே வெளியே வந்திருக்கும்.

நான் வழக்கறிஞன் இல்லை. வழக்கு வந்தபோது வழக்கறிஞர்களுக்குக் கோப்பு எடுத்துக் கொடுத்தவன். உங்கள் நாட்டுச் சட்டத்துக்கு உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள். ஆனால் கீழே இருப்பதைப் பயன்படுத்த யாரையும் கேட்க வேண்டியதில்லை. நிறம் எதுவாக இருந்தாலும், ஆளை விடுவது என்று நினைத்தவுடன் அனுப்ப வேண்டியது. நானே எழுதி வைத்திருக்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

‘உங்களைப் பற்றிய பின்னணி அறிக்கை எங்களுக்கு வந்துள்ளது. முழு நகலையும் இணைத்துள்ளோம். அதில் இன்ன பக்கத்தில் உள்ள இன்ன விவரம் எங்கள் முடிவைப் பாதிக்கக்கூடும். அது தவறாக இருந்தாலோ, அதற்கு விளக்கம் இருந்தாலோ, ஏழு நாளுக்குள் இந்த முகவரிக்கு எழுதுங்கள். அதுவரை இந்த இடத்தில் வேறு யாரையும் அமர்த்த மாட்டோம்.’

இன்ன பக்கம் என்ற இடத்தை நிரப்ப நீங்கள் அறிக்கையைத் திறந்து 14-ஆம் பக்கம் வரை போக வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
நிறம் போட்டுக்கொண்டிருந்த ஒருவன்